அறுபத்து மூவர்

பினாங்கு வீதியில், நகைக்கடைக்கு மேல்மாடியில்
கல்யாண ரவிக்கைக்கு ஆரி போடுகிறவள் நான்.
மயில், மாங்காய், யானைமுகம்,
மணப்பெண் முதுகில் மாப்பிள்ளை பெயர்,
கேட்டால் எல்லாம் போடுவேன்.

விசுவலிங்கம் கேட்டது வேறு.
வங்கி மேலாளராய் இருந்து ஓய்வு பெற்றவர்.
பிளாஸ்டிக் உறையில் ஒரு நகல் கொண்டுவந்தார்:
புக்கிட் தெராத்தாய்த் தோட்டம், செக்ரோல்,
நாற்பத்து மூன்று, ஜூன்.
சயாம் ரயில் போட லாரி ஏறியவர்கள்.
மண்டபச் சுவருக்கு ஒரு பட்டுத் திரை வேண்டும்,
ஆறடிக்கு நாலடி, தங்கச் சரிகை, ஓரமெல்லாம் தாமரை.
"எண்ணிப் பார்த்தேன்மா, அறுபத்து மூன்று.
நாயன்மார் கணக்கு!"

பட்டா, என்றேன்.
சப்பான்காரன் காலத்தில் கோணிச்சாக்கில்
கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை வெட்டி
உடுத்திய சனம் இல்லையா.
"அதனால்தான் பட்டு."
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
முன்பணம் வாங்கிக்கொண்டேன்.

ஆரி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்:
ஊசி மேலே நடக்கும், நூல் கீழே இருக்கும்.
சட்டத்துக்கு அடியில் இடது கை
யார் கண்ணிலும் படாமல் ஊட்டிக்கொண்டே இருக்கும்.
மேலே விழுவது சங்கிலி.
கடைசிக் கண்ணியில் முடிச்சு இல்லாவிட்டால்
ஓர் இழுப்பில் அத்தனையும் அவிழும்.

சடையன். தொப்புளான். அங்கப்பன். பச்சைவாழி.
வீராயி, பக்கத்தில் 'சமையல்'.
குப்பன் மூன்று பேர்,
வெறும் குப்பன், நெட்டைக் குப்பன், நொண்டிக் குப்பன்.
நொண்டியையுமா?
ஊசியைக் கீழே வைத்தேன்.
மின்விசிறியை நிறுத்தினேன், மறுபடி போட்டேன்.
கீழே கடையில் யாரோ தாலிக்கொடிக்குப் பேரம் பேசினார்கள்.

அறுபத்தொன்றில் 'புது ஆள்'.
அறுபத்திரண்டில் 'புது ஆள்'.
அறுபத்து மூன்றிலும் அதே.

"பெயரில்லையே, விட்டுவிடுங்கள்" என்றார் போனில்.
அறுபதாகிவிடுமே, என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரி, போடுங்கள்."
அடியில் கிராணியின் கையெழுத்து இருக்கிறதே?
"அது வேண்டாம்."
இதற்கு அவர் யோசிக்கவே இல்லை.

பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன்.
விசுவலிங்கம், என்றிருந்தது.
பேரன் என்ற சொல்லை
அன்றுதான் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன்.

வலது மூலையில், தாமரை முடிகிற இடத்தில்
சிவப்புப் பட்டில் சிவப்பு நூலால் போட்டேன்.
கண்ணுக்குத் தெரியாது.
விரல் வைத்தால் தெரியும்.

திறப்புவிழாவுக்கு ஒய்.பி. வந்தார்.
நாடா வெட்டினார். தியாகம் என்று நாலு தடவை சொன்னார்.
மீகூன் தீர்வதற்குள் கிளம்பிவிட்டார்.
பிராய் தொழிற்சாலைச் சீருடையில் ஒரு பெண்,
இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தாள்,
என் முழங்கையைத் தொட்டுக் கேட்டாள்:
"எங்க பூட்டன் அந்த வாரம்தான் தோட்டத்துக்கு வந்தவராம்.
இதுல எந்தப் புது ஆள், அக்கா?"
தெரியாது, என்றேன்.
மூன்றையும் தனித்தனியாகப் படம் பிடித்துக்கொண்டாள்.
நடுவில் உள்ளதை இரண்டு தடவை.

நாற்காலிகளை அடுக்கும்போதுதான் பார்த்தேன்.
விசுவலிங்கம் திரையருகே தனியாக நின்றார்.
தாமரையைத் தடவிக்கொண்டே இறங்கிய விரல்
மூலையில் நின்றது.
எடுக்கவில்லை.
பையன் வந்து விளக்குகளை அணைக்கத் தொடங்கினான்.

மறுநாள் கடைக்கு வந்தார்.
மீதி நானூற்றைம்பது வெள்ளி, இருமுறை எண்ணி வைத்தார்.
"மூலையில் இருப்பது பில்லில் இல்லையே."
அதற்குக் கூலி போடவில்லை, என்றேன்.
தலையசைத்தார். அதற்கு மேல் பேச்சில்லை.

பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து கேட்டேன்.
கடைசி எழுத்தின் வாலை அடியில் இழுத்து
இடப்பக்கம் சுழிக்கிறார், அப்படியே.
அந்தச் சுழிப்புக்கு எனக்கு
ஒரு ராத்திரி பிடித்தது.
அவருக்கு ஒரு நொடி.